நான்கு நிமிடக் குறட்டை

நிக்ஷா தலையை மார்பில் தொங்கவிட்டுக் குறட்டை விட ஆரம்பித்தபோது என் கையில் மூன்று சீட்டுகள் மிச்சமிருந்தன. எதை இறக்குவது என்பதையும் முடிவு செய்திருந்தேன். ஆனாலும் இறக்கவில்லை. ஷிமே, நிக்ஷா, நான் என்று மூவரும் முப்பது வருடமாக இதே படகுத்துறைக் காப்பிக்கடையில் சீட்டாடுகிறோம். நான் யோசித்து ஆடுகிறவன். நிக்ஷாவுக்கோ பொறுமை என்பதே கிடையாது. கொஞ்சம் தாமதித்தால் போதும், தூங்கிப்போனவன் மாதிரி குறட்டை விட்டுக் கடையையே சிரிக்க வைத்துவிடுவான். அன்று மதியம் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“விடட்டும். இருட்டுற வரைக்கும் யோசிக்கப் போறேன்,” என்றேன்.

குறட்டை விட்டு விட்டு வந்தது. இழுத்து ஒன்று, நெடுநேரம் கழித்து இன்னொன்று. “நாளுக்கு நாள் நல்லா நடிக்கிறான்டா,” என்று ஷிமே சொல்ல, பக்கத்து மேஜையும் சிரித்தது. எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கிறான் பார்ப்போம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, தண்ணீர் கலந்த ஒயினை நிதானமாகக் குடித்தேன்.

மருந்துக்கடை நெவெங்கா காப்பி வாங்க வந்தாள். நிக்ஷாவின் முகத்தைப் பார்த்தவள் நாற்காலியோடு அவனைத் தரையில் சரித்தாள். “இது குறட்டை இல்ல. இதயம் நின்னுபோச்சு,” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி ஷிமேயிடம் கத்தினாள். தபால் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அது ஒருமுறை அதிர்ச்சி கொடுத்தது. ஸ்ப்ளிட் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஹெலிகாப்டர் வருவதற்குள் அவன் இதயம் மறுபடி துடித்தது.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். நடக்கிறான், சாப்பிடுகிறான், பழைய கதையெல்லாம் சொல்கிறான். புதிதாக நடப்பது மட்டும் மறுநாள் வரை நினைவில் தங்குவதில்லை. இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்த ஆரம்பிக்கும்வரை கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் மூளை விலை கொடுக்கும் என்று நெவெங்கா சொன்னாள். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை.

குறட்டை விட்டபடியே இதயம் நின்றுபோன கதையை அவன் மனைவி தினமும் காலையில் அவனுக்குச் சொல்லி அனுப்புவாள். முதல் நாள் சீட்டு போடும்போதே கேட்டான். “லூக்ஷா, என்னை எவ்வளவு நேரம்டா குறட்டை விட விட்டீங்க?”

“நாலு நிமிஷம். எந்தச் சீட்டுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்டா. உன்னை வெறுப்பேத்தத்தான் கையிலயே வெச்சிருந்தேன்.”

அவன் முகம் வெளுத்தது. பிறகு, “கழுதை,” என்றான். “ஆட்டத்துல யாரு ஜெயிச்சா?”

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் அதே கேள்வியை அதே குரலில் கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். ஷிமே மேஜைக்கடியில் என் காலை மிதித்தான். நிக்ஷாவைக் கூட்டிப்போக வந்த அவன் மனைவி பெரினா என்னைத் தனியாக அழைத்தாள்.

“அரை நிமிஷம்னு சொல்லிடுங்க லூக்ஷா. அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது?”

அவள் சொன்னது நியாயம்தான். இனி சீட்டாடவே வராமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மத்தியானம் ஆனதும் கால்கள் தாமாகவே படகுத்துறைக்கு நடந்தன.

இன்று பன்னிரண்டாவது நாள். சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு நிக்ஷா என்னைப் பார்த்தான்.

“லூக்ஷா, என்னை எவ்வளவு நேரம்டா குறட்டை விட விட்டீங்க?”

ஷிமே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நாலு நிமிஷம்,” என்றேன்.

முதன்முதலாகக் கேட்பவனைப் போல அவன் முகம் மெல்ல வெளுத்துக்கொண்டே போனது. நான் கண்ணை எடுக்கவில்லை.