மொட்டை மலைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்

தைப்பொங்கல் கழிந்தால் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலை கொட்டத் தொடங்கும். முதலில் மஞ்சள், பிறகு செம்பு நிறம், பிறகு ஒன்றும் இல்லை. தை முடிவதற்குள் மலை முழுவதும் வெறும் குச்சியாக நிற்கும். எனக்குப் பிடித்த காலம் அதுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்றால், கரவனெல்ல பக்கமிருந்து வரும் பஸ்ஸில் யார் இறங்குகிறார்கள், எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் மறைவில்லாமல் தெரியும்.

தொண்ணூற்றெட்டில் அப்படித்தான் பொன்னுத்துரையை முதலில் பார்த்தேன். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. பக்கத்து வீட்டு இராஜகுமாரியின் மகன் உதயராஜுக்குத் தன் மகள் தனுஜாவைக் கொடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார். உதயராஜுக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு சம்பந்தம் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் இனிக் கேட்க வீடில்லை என்று இராஜகுமாரி வேண்டாத சாமியில்லை.

மனிதர் கால் கழுவ, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கு வந்தார். நானும் குடத்தோடு அங்கே இருந்தேன். தற்செயல்தான், நம்புங்கள்.

"என்னங்கம்மா, இந்த மலைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அத ஏன் கேக்குறீங்க! எல்லாம் கொட்டிப்போச்சு. பால் வெட்டையும் நிப்பாட்டியாச்சு" என்றேன்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. இலை கொட்டி, துளிர் முற்றும்வரை மரத்தில் பால் வெட்டாமல் ஓய்வில் விடுவது வருடா வருடம் நடப்பது. நாளைக்குச் சூரியன் வரும் என்று யாராவது வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பார்களா?

பொன்னுத்துரை முறுக்கைத் தொடாமல் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. 'தோட்டம் பட்டுப்போய்க் கிடக்கிறது. வேலையும் நின்றுவிட்டதாகக் கேள்வி. யோசித்துச் சொல்கிறோம்.'

கேள்விப்பட்டது யாரிடம் என்று இராஜகுமாரிக்குத் தெரியாதா?

"உங்க வாயால என் புள்ள கல்யாணம் நின்னுச்சுன்னா, அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்காதீங்கக்கா!"

அன்றோடு எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. கடிதத்துக்கு உதயராஜ்தான் பதில் எழுதினான்: மாசிக் கடைசியில் ஒருமுறை வந்து பாருங்கள், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்.

அதன்பின் இராஜகுமாரிக்கு வேலை மரம் பார்ப்பது. விடிந்ததும் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள். நானும் என் வாசலில் நின்று பார்ப்பேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டோம். மாசி பாதியில் கிளை நுனிகளில் மொட்டுத் தெரிந்தது. உடனே காலைப் பனி பிடித்துக்கொண்டது. பனி விடாமல் பெய்தால் பிஞ்சு இலையில் வெள்ளைப் பூஞ்சை விழுந்து மறுபடியும் கொட்டிவிடும். நான்கு நாள் எனக்கே சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் நல்ல வெயில்.

அவன் எழுதியபடியே மாசிக் கடைசியில் பொன்னுத்துரை வந்தார். இந்தத் தடவை மகளும் கூட வந்தாள். மலையெங்கும் துளிர், வெந்த இறால் நிறத்தில் தலை தொங்கிக்கொண்டிருந்தது. லயத்து முற்றத்தில் மனிதர் நின்றுவிட்டார்.

"இதென்ன, தீய்ஞ்சுபோன மாதிரி இருக்கு? நோயா?"

இராஜகுமாரியின் முகம் வெளுத்தது. எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. முதல் தடவை பட்டது போதாதா? வாயை மூடிக்கொண்டேன், என் வாழ்நாளில் அது பெரிய காரியம்.

தனுஜா முற்றத்து ஓரம் தானாக முளைத்திருந்த சிறு மரத்தின் கிளையை இழுத்து, இலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நோயில்லப்பா, கொழுந்து. எவ்வளவு மெத்துன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க. நம்ம மலையில தேயிலைய கவ்வாத்து வெட்டுனா மொட்டையாத்தான நிக்குது? அதப் பாத்துட்டு செத்துப்போச்சுன்னு யாரும் நம்ம வீட்ல பொண்ணு கேக்காம இருந்தாங்களா?"

பொன்னுத்துரை இலையைத் தொட்டார். மலையைப் பார்த்தார்.

"அப்ப வருசா வருசம் இப்படித்தானா?"

"வருசா வருசம் இப்படித்தான் மாமா" என்றான் உதயராஜ்.

மாமா! இன்னும் வெற்றிலைகூட மாற்றவில்லை. அவன் காதுவரை சிவந்துவிட்டான். தனுஜா கிளையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுத்துரை முதலில் முறைத்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே போய் இரண்டு முறுக்குத் தின்று மூன்றாவதையும் எடுத்தார் என்பதை ஜன்னல் வழியாக உறுதிப்படுத்திக்கொண்டேன்.

பஸ் ஏறும்போது என்னிடம் வந்தார். "ஏம்மா, அன்னைக்கே அடுத்த மாசமே துளுத்துரும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையேங்க!"

பஸ் போனதும் இராஜகுமாரி படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னை, "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டு, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

"வைகாசியில வச்சிருக்கோம். வீடு வீடாப் போய்ச் சொல்ல எனக்குக் கால் வலிக்குது. நீங்களே சொல்லிருங்க."

தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுக் கீழ் லயத்துக்கு இறங்கினேன்.