மிச்சமிருந்த பக்கம்

மதுக்கரையில் சிமெண்ட் லாரி ஓட்டும் பிரான்சிஸின் வீட்டில் ஒரு தியானப் புத்தகம் இருக்கிறது. நாளுக்கு ஒரு பக்கம், வருசத்துக்கு ஒரு சுற்று. மனைவி கயல்விழி கல்யாணத்தின்போது கொண்டுவந்தது. காலையில் அன்றைய பக்கத்தைப் படித்ததும் அடியில் பென்சிலால் வருசத்தைக் குறிப்பாள். நாளைய பக்கத்தை இன்றைக்குப் புரட்டவே மாட்டாள். அது அவளுடைய அம்மா வீட்டுப் பழக்கம்.

"படிச்சதையே படிக்கறியே, பரீட்சையா எழுதப்போறே?" என்று சீண்டுவான்.

"பக்கம் அதேதானுங்க. நான்தான் வருசா வருசம் வேற ஆளா இருக்கறேன்" என்பாள்.

ஜூலையில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கயல்விழிக்குப் புற்று கல்லீரல்வரை பரவிவிட்டது, இரண்டு மாதம் தாண்டாது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத அந்த அப்பாவி மனுசன், உனக்கு வெறும் வயிற்றுப்புண்தான் என்று மனைவியிடம் அடித்துவிட்டான். அதோடு விட்டானா? "கிறிஸ்துமஸுக்கு நீதான் முறுக்குச் சுடப்போறே, பாரு கண்ணு" என்று தினமும் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டாள். அந்த நம்பிக்கை மட்டுமாவது கடைசிவரை அவளுக்குக் கெடாமல் இருந்தால் போதும் என்று தவித்தான்.

ஆகஸ்ட் பாதியில் ஒரு காலை, புத்தகத்தைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்க படிங்க."

பழக்கமில்லாத கை, பிரித்ததும் டிசம்பர் வந்தது. அடியில் இந்த வருசக் குறி. அடுத்த பக்கத்திலும் இருந்தது. கிறிஸ்துமஸுக்கும் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதிவரை கோணல்மாணலாக எழுதியிருந்தாள்.

"என்ன கயலு இது?"

"நீங்க பொய் சொன்ன அன்னைக்கே தெரியுமுங்க. பாதியில உட்டுட்டுப் போக மனசில்லை. நீங்க லோடுக்குப் போனப்பல்லாம் மிச்சத்தைப் படிச்சுப்போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க முறுக்கப் பத்திப் பேசறது கேக்க நல்லா இருந்துச்சுங்க."

அன்றைய பக்கத்தைத் தேடி எடுத்தான். அதில் மட்டும் இந்த வருசம் இல்லை.

"மத்ததெல்லாம் நேத்தே முடிஞ்சுதுங்க. இன்னைக்கு உள்ளதை உங்களுக்குன்னு உட்டுவெச்சேன்."

எழுத்துக் கூட்டிப் படித்தான். ஆண்டவர் கைவிட மாட்டார் என்றுதான் இருந்தது. அவனுக்கு ஒரு வரியும் ஆறுதல் தரவில்லை. படித்து முடித்ததும் கயல்விழி பென்சிலை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டான். வருசத்தை எழுதிவிட்டால் அவளுக்கு இனி ஒரு பக்கமும் மிச்சமில்லை. எழுதாமல் உட்கார்ந்திருந்தான்.