கண்ணில் பட்டவை மட்டும்

கதவை மூன்று தடவை தட்டி, "ஆர்.ஏ. வந்திருக்கோம், உள்ள வரப்போறோம்!" என்று சத்தமாகச் சொல்லி, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவையும் தட்டிய பிறகுதான் மார்லிஸ் சாவியைத் துளையில் நுழைப்பாள். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை என்று தெரிந்தாலும் அப்படித்தான். கூட வந்த டெஸ்மண்டுக்கு அது எரிச்சல். "தாயே, இந்த ரூம் பொண்ணு நேத்தே அரிசோனாவுல வெயில் காஞ்சிட்டிருக்கா. யாருக்குத் தட்டுற? பேய்க்கா?" என்றான். "பேய்க்கும் மரியாதை உண்டுடா" என்றாள் இவள், கதவைத் தள்ளிக்கொண்டே.

டிசம்பர் விடுமுறைக்கு விடுதியை அடைக்கும் நாள் அது. மினசோட்டாவின் வடகோடியில், டிசம்பரில் விடுதியை அடைப்பதென்றால் சாதாரண வேலை இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லோருடைய வெளிக்கதவு அட்டைகளும் செத்துவிடும். ஹீட்டரைக் குழாய்த் தண்ணீர் உறையாத அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கூடம் முந்தின நாளே பூட்டியாயிற்று. அதற்கு முன்னால் மாடிக்கு மாடி ஆர்.ஏ.க்கள் ஜோடி ஜோடியாக ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்க வேண்டும். ப்ளக்கெல்லாம் பிடுங்கியிருக்கிறதா, குட்டி ஃப்ரிட்ஜின் பனியை உருக்கித் துடைத்து வைத்திருக்கிறார்களா, குப்பை போயிற்றா, ஜன்னல் சாத்தியிருக்கிறதா. பார்த்து முடித்ததும் கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து ஒரு துண்டு நீல டேப்பை ஒட்டிவிட வேண்டும். பிறகு யாராவது கதவைத் திறந்தால், ரோந்து வருகிற காவலாளிக்கு அந்த டேப் சொல்லிக்கொடுத்துவிடும்.

ஆர்.ஏ., அதாவது ரெசிடென்ட் அசிஸ்டென்ட், வேலை என்றால் வேறொன்றும் இல்லை. படிக்கிற பிள்ளைதான், ஒரு மாடிப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. சாவி தொலைத்தவள், காய்ச்சலில் கிடப்பவள், கூட இருப்பவளோடு சண்டை போட்டவள், எல்லாரும் இவள் கதவைத்தான் தட்டுவார்கள். அதற்குப் பதில் தனி அறையும் மூன்று வேளைச் சாப்பாடும். மார்லிஸுக்கு அந்த இரண்டும் இருந்ததால்தான் படிப்பே இருந்தது. அப்பா பசுக்களை விற்றுவிட்டு இப்போது அடுத்தவர் பாலை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். வேலை போனால் அறை போகும், அறை போனால் அவளும் ஊருக்குப் போக வேண்டியதுதான்.

போகாது என்றும் சொல்வதற்கில்லை. போன வசந்தத்தில் இரண்டாம் மாடி க்வின்டன், தன் மாடியில் ஒருத்தி பூனை வளர்ப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தான். அலுவலகத்துக்குத் தெரிந்துபோயிற்று. கறுப்புக் குப்பைப் பைகளில் துணிமணியைக் கட்டிக்கொண்டு அவன் தெருவோரம் நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். "பூனைக்கு மட்டும் அன்னிக்கே வீடு கிடைச்சிடுச்சு" என்று டெஸ்மண்ட் அதை வேடிக்கையாகச் சொல்வான். மார்லிஸுக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தன. ஒன்றில் கட்டிலுக்கடியில் பாதி பீட்சா. ஒன்றில் சுவர் முழுக்க மினுக்கு விளக்குகள் எரிந்தபடி. ஒன்றில் ஃப்ரிட்ஜ் தரையெல்லாம் அழுதிருந்தது. "மனுஷங்களா இவங்க?" என்று டெஸ்மண்ட் துடைத்தான். இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியில் விடுதிப் பொறுப்பாளர் ராண்டாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒன்றாம் மாடி முடிந்தது. நாலாம் மாடி முடிந்தது. பனிப்புயல் வருகிறது, சீக்கிரம் முடித்தால் எல்லாரும் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேரலாம்.

கடைசி அறைக்கு வந்தார்கள். கதவில் மார்லிஸ் வெட்டி ஒட்டிய இரண்டு காகிதக் கையுறைகள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு உருவம் வெட்டி, பேர் எழுதி, மாடி முழுக்க ஒட்டுவதும் ஆர்.ஏ. வேலைதான். சிவப்புக் கையுறையில் கென்லி, நீலத்தில் வில்லா. இரண்டு பேரும் நேற்றே கிளம்பிவிட்டதாகத் தாளில் இருந்தது.

தட்டினாள். சொன்னாள். பொறுத்தாள். மறுபடி தட்டினாள்.

கென்லியின் பக்கம் வழக்கம்போல அலங்கோலம். வில்லாவின் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெத்தையில் விரிப்பில்லை. ப்ளக்குகள் பிடுங்கி, வயர்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. ஃப்ரிட்ஜ் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டை மடித்துச் செருகியிருந்தது. "பாரு, எல்லாரும் இந்தப் பொண்ணு மாதிரி இருந்தா நாம காலையிலேயே முடிச்சிருக்கலாம்" என்று டெஸ்மண்ட் சொல்லிக்கொண்டே கையிலிருந்த தாளில் கோடு கிழித்தான்.

மார்லிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்றே காலியான அறைகளின் கண்ணாடிகள் காய்ந்து பளிச்சென்று இருந்தன. இந்தக் கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்து, கீழ் விளிம்பில் துளித் துளியாகத் தண்ணீர் நின்றது. இரவெல்லாம் ஒருத்தர் மூச்சு விட்ட அறையில்தான் கண்ணாடி அப்படி வியர்க்கும். தரையைப் பார்த்தாள். துணி அலமாரியின் இழுப்புக் கதவுக்கு முன்னால், பனியில் நடந்த பூட்ஸ் விட்டுப்போன ஈரம், இன்னும் காயாமல்.

அலமாரியை ஆர்.ஏ. திறக்கக் கூடாது. அது சட்டம். அலமாரி, இழுப்பறை, பெட்டி எதையும் தொடக் கூடாது, கண்ணில் பட்டவை மட்டும்தான் கணக்கு. பயிற்சி வாரத்திலேயே இதை எல்லாருக்கும் மண்டையில் ஏற்றிவிடுவார்கள். டெஸ்மண்ட் போன வருஷம் ஒரு இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

"என்ன, ஜன்னல்ல உன் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. நீ குப்பையக் கீழ கொண்டுபோ. நான் டேப் ஒட்டிட்டு வர்றேன்."

அவன் பைகளைத் தூக்கிக்கொண்டு விசிலடித்தபடி போனான். படிக்கட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கிற வரைக்கும் மார்லிஸ் அசையவில்லை. பிறகு அலமாரிக்கு முன்னால், அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வில்லா."

உள்ளே துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கு அதைத் திறக்க அனுமதி இல்ல. நீயா திறந்தாத்தான் உண்டு."

நெடுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் விலகியது. குளிர்கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி வில்லா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வேர்க்கடலை வெண்ணெய் டப்பா, பிஸ்கட் பொட்டலங்கள், ஒரு தண்ணீர்க்குடுவை. பதினெட்டு வயதுப் பெண் அந்த இருட்டில் பன்னிரண்டு வயது மாதிரித் தெரிந்தாள்.

"துலூத்ல ஆன்ட்டி வீட்டுக்குப் போறேன்னு சொன்னியே?"

"ஆன்ட்டின்னு யாரும் இல்ல."

மார்லிஸ் இதை எதிர்பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அக்டோபரில் எல்லாருடைய அப்பா அம்மாவும் வந்த வார இறுதியில், வில்லா நாள் முழுக்கத் துணி துவைக்கும் அறையில், ஓடாத ஒரு மெஷின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, "ரொம்பப் படிக்காதடி" என்று சிரித்துக்கொண்டே கடந்து போயிருந்தாள்.

"விடுமுறையில தங்குறவங்களுக்குத்தான் தனியா ஒரு கட்டடம் திறந்து வெக்கிறாங்களே. நீ ஏன் கேக்கல?"

"அதுல காரணம் எழுதணும். போக எடம் இல்லன்னு என் கையால எழுதச் சொல்றியா? ஏழு வயசுலேருந்து, ஒவ்வொரு வளர்ப்பு வீடு மாத்தும்போதும், எனக்காக மத்தவங்க அதை எழுதிட்டாங்க. போதும்."

"அப்ப எங்க வீட்டுக்கு வா. எங்கப்பா இப்ப வந்துருவாரு. வண்டியில எடம் இருக்கு."

வில்லா சிரித்தாள். சிரிப்பில் கோபம் எதுவும் இல்லை, அலுப்புதான் இருந்தது. "நீ நல்லவ, மார்லிஸ். எல்லாருமே நல்லவங்கதான். நல்லவங்க வீட்டு மேஜை ஓரத்துல எனக்குன்னு ஒரு மடக்கு நாற்காலி போட்டு, என் பேர் எழுதின ஒரு பரிசு அவசர அவசரமா சுத்தி வெச்சிருப்பாங்க. நானும் தேங்க்ஸ் தேங்க்ஸ்னு வாய் வலிக்கச் சொல்லுவேன். எத்தனை வீடு தெரியுமா? ஒரு கதவுலகூட என் பேர் இருந்ததில்ல. இங்கதான் இருக்கு. நீதான வெட்டி ஒட்டுன."

மார்லிஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஹீட்டர நிறுத்தப் போறாங்கடி. வெளிய மைனஸ்ல போயிட்டிருக்கு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ இங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியும்."

"அதான் பயமா இருக்கு."

"நீ சொன்னா போலீஸ் வந்து என்னைக் கீழ இறக்கி, எங்கயாவது ஒரு லாட்ஜ்ல விடுவாங்க. ஜனவரியில விசாரணை. அப்புறம் இந்த ரூமும் போச்சு. சொல்லாட்டி நான் மூணு வாரம் கோட்டு போட்டுக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான்." அவள் அலமாரிக் கதவின் விளிம்பில் கை வைத்தாள். "நீ என்னைப் பாக்கல. இது திறக்கவே இல்ல. பொய்கூடக் கிடையாது, உங்க சட்டமே அதான்."

வாக்கி-டாக்கி கரகரத்தது. "மார்லிஸ், மூணாவது மாடி என்னாச்சு? நீங்க ஒண்ணுதான் பாக்கி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்கட்டில் டெஸ்மண்டின் விசில் மேலேறி வந்தது. அலமாரிக் கதவு மெதுவாக, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

க்வின்டனின் கறுப்புப் பைகள் மார்லிஸின் கண்முன்னே வந்தன என்றால் அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் எழுந்தாள். வெளியே வந்தாள். கதவைப் பூட்டினாள். நீல டேப்பைக் கிழித்து, நிலையோடு சேர்த்து ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள். பிறகு பொத்தானை அமுக்கி, "மூணாவது மாடி முடிஞ்சுது. யாரும் இல்ல" என்றாள்.

"அப்பாடா!" என்றான் படியேறி வந்த டெஸ்மண்ட். "வா, ஓடிடலாம்."

கீழே ராண்டா ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து, ஆளுக்கொரு பொட்டலம் இஞ்சி பிஸ்கட் கொடுத்து அனுப்பினாள். மார்லிஸின் முதுகைத் தட்டி, "உன் மாடி பத்தி எனக்குக் கவலையே இல்ல" என்றாள். அந்தப் பொட்டலம் மார்லிஸின் கையில் கல் மாதிரி கனத்தது.

அப்பா பிக்கப் வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். உள்ளே ஏறியதும் சூடு முகத்தில் அடித்தது. இருக்கையில் அம்மா கொடுத்தனுப்பிய சாண்ட்விச், இன்னும் சூடு ஆறாமல். "என்ன மார்லி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? ராத்திரி தூங்கலியா?" என்றார். தூங்கவில்லை என்று தலையசைத்தாள். பனி விழத் தொடங்கியிருந்தது. வைப்பர்கள் இப்படியும் அப்படியும் போய் வந்தன. அவர் கியரைப் போட்டு வண்டியைத் திருப்பியபோது கட்டடம் முழுசாகக் கண்ணெதிரே வந்தது.

வரிசை வரிசையாகக் கறுத்துக் கிடந்த ஜன்னல்கள். மூன்றாம் மாடியின் கோடியில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தது, உள்ளே யாரோ பால் தடவினாற்போல. கீழே நிற்கிற யாருக்கும் தெரியும். தலையை நிமிர்த்தினால் போதும். ஹீட்டர் அடங்க அடங்க அந்த வெள்ளை இன்னும் கெட்டியாகும், ராத்திரிக்குள் உறைந்து பனிப்பூ பூத்துவிடும். உள்ளே இருப்பவள் மூச்சு விட விட.

"அப்பா, வண்டிய நிறுத்துங்க."

"எதையாச்சும் மறந்துட்டியா?"

"ஆமா."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் பிரேக்கை மிதித்தார்.

ராண்டா வெளிக்கதவின் சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடிவந்து, மூச்சு வாங்க நின்றாள். தன் அட்டையைக் கதவில் காட்டிப் பார்த்தாள், பழக்கத்தில். சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"பன்னண்டு அடிச்சாச்சு கண்ணு, அது செத்துப்போச்சு. என்ன விட்டுட்ட? போன் சார்ஜரா?"

"மூணாவது மாடி முடியல, ராண்டா."

ராண்டாவின் கை சங்கிலியிலேயே நின்றது. "முடிஞ்சுதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"யாரும் இல்லன்னு சொன்னே."

"அதையும் சொன்னேன். பொய். கடைசி ரூம் அலமாரிக்குள்ள ஆள் இருக்கு. அவ மேல தப்பில்ல, போக எடம் கெடையாது. போலீஸ்லாம் வேணாம். முதல்ல நான் மேல போறேன். அந்த இன்னொரு கட்டடத்துல அவளுக்கு எடம் கிடைக்கிற வரைக்கும் நானும் இங்கயேதான் இருப்பேன். எங்கப்பா வெயிட் பண்ணுவாரு."

"அலமாரியத் திறந்தியா நீ?"

"இல்ல. திறக்கல."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

மார்லிஸ் கையை நீட்டி மேலே காட்டினாள்.

ராண்டா பனிக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "உன் வேலைக்கு என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமில்ல?" என்று கேட்டாள் கடைசியில். அது மிரட்டல் மாதிரி இல்லை. அவளுக்கே அதற்குப் பதில் தெரியாத மாதிரிதான் இருந்தது. கேட்டுக்கொண்டே சாவிக்கொத்தில் சங்கிலிச் சாவியைத் தேட ஆரம்பித்தாள். கையுறை போட்ட விரல்களுக்குள் சாவி அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

மார்லிஸ் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளுத்த கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு கை தெரிந்தது. அது ஆவியைத் துடைத்தது, ஒரு கையுறை அளவுக்கு. அந்த இடத்தில் ஒரு முகம் வந்து நின்றது. அவ்வளவு தூரத்திலிருந்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியவில்லை. இவளைத்தான் பார்க்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மார்லிஸ் கையை உயர்த்தினாள். மேலே இருந்த முகம் அசையவில்லை. துடைத்த இடம் விளிம்பிலிருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.