குடைக்காரர் கேட்ட வானிலை

வானிலை அலுவலகத்தில் கடலைப் பார்ப்பது அவள் வேலை. அதற்காகக் கடலுக்குப் போக வேண்டாம். நடுக்கடல் மிதவைகள் அனுப்பும் சூட்டுக் கணக்கை வரைபடத்தில் நிறம் நிறமாக ஏற்றினால் போதும். அதனால் தெருவில் அவளுக்குக் கடல்காரி என்று பேர் விழுந்துவிட்டது. கல்யாணப் பேச்சென்றாலே காத தூரம் ஓடுகிறவளிடம், நாற்பதை நெருங்கும்போது, முனைக்கடைக் குடைக்காரர் சுற்றி வளைக்காமல், என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டார்.

"முதல் மழை பெய்யட்டும், சொல்றேன்," என்றாள்.

அது தந்திரம். தொலைதூரப் பெருங்கடலில் தண்ணீர் சூடேறி வருவது அவளுக்குத் தெரியும். வழக்கமாகக் காற்று அந்தச் சூட்டுத் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேகமும் பின்னாலேயே வரும். சில வருடங்களுக்கு ஒரு முறை காற்றுக்குக் கை சலித்துப்போகும். தண்ணீர் அந்தப் பக்கமே சரிந்துவிடும். பந்தி எங்கேயோ அங்கே விருந்தாளி என்று மேகங்களும் அங்கேயே உட்கார்ந்துவிடும். இங்கே மழை தள்ளிப்போய், வெயில் மண்டையைப் பிளக்கும். எப்போதும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் குடைக்காரர் தினமும் கடைவாசலில் நின்று, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோலக் கடலை விசாரித்தார். இன்னும் காய்ச்சல் குறையவில்லை என்று அவள் சொல்வாள். அவர் முகம் தொங்கிப்போகும். வெயிலுக்குக் குடை வாங்கக் கடையில் கூட்டம் அலைமோத, வியாபாரம் நடக்கிறதே என்று வருத்தப்பட்ட ஒரே வியாபாரி அவர்தான். அந்தத் தொங்கிய முகத்தைப் பார்க்கவே அவள் சுற்றுவழியில் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். கொஞ்ச நாளில் அலுவலகத்தில் உட்கார்ந்து கடலைத் திட்டவும் தொடங்கினாள்.

வீட்டில் அவள் அண்ணிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்க மாட்டியாடி? நீயே வெச்ச உலைதானே," என்று சிரித்தாள்.

பருவமழை முன்னறிவிப்பை எழுதும் நாள் வந்தது. நல்ல மழைக்கு வாய்ப்பு என்று அவள் கை தானாக எழுதிவிட்டது. மேலதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கி, வரைபடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த மேகம் யாருக்கும்மா?"

காது சிவக்க அதை அடித்துவிட்டு, உள்ளதை எழுதினாள். வானொலியில் வாசிப்பதும் அவள்தான். மழை தள்ளிப்போகும், வந்தாலும் குறைவாகவே பெய்யும் என்று குரல் நடுங்காமல் வாசித்து முடித்தாள்.

வெளியே வந்ததும் அண்ணி கைப்பேசியில் அழைத்தாள். குடைக்காரர் கடைக்குள் வானொலியை அணைத்துவிட்டு, பேயறைந்தவர்போல உட்கார்ந்திருக்கிறாராம். குடை வாங்க வந்தவர்கள் வரிசையில் காத்து நிற்கிறார்களாம். ஊருக்கெல்லாம் வாசித்தது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உச்சி வெயிலில், செருப்பு வார் அறுந்ததையும் பாராமல் ஓடினாள்.

"நாசூக்கா சொல்லிட்டீங்க. பரவால்ல," என்றார் அவர், நிமிராமலே.

"அது ஊருக்குச் சொன்னதுங்க."

"அப்ப எனக்கு?"

"மழை வர்ற வரைக்கும் எனக்குத் தாங்காது. சம்மதம்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். நியாயஸ்தர் பாருங்கள், வாசலுக்குப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆனா மழை பெய்யலையே."

"உங்களுக்குக் கட்டிக்கிறதுக்கு நான் வேணுமா, மழை வேணுமா?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருவர் தன் குடையை விரித்துப் பிடித்து, முதலில் பொண்ணுக்கு நிழல் கொடுங்கள் ஐயா என்றார். குடைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையை அந்தக் கூட்டத்தின் கையிலேயே விட்டுவிட்டு, அண்ணியிடம் சொல்ல அவளோடு கிளம்பினார். நூறு குடை இருக்கிற கடையிலிருந்து கிளம்பிய அந்த மனுஷருக்கு ஒரு குடையைக் கையில் எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு பேரும் மொட்டை வெயிலில், சிரித்துச் சிரித்து வியர்த்து, தெருவின் நட்டநடுவே நடந்தார்கள்.