மேச்சேரிக்குப் போகிற கார்

சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஜாக்கியை ஏற்றுவதற்கு முன் அப்புசாமி ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தான். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு நேராகப் பெஞ்சின் மேல் அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"பெத்தவ பெஞ்சுல கெடக்கறா, இவன் காருக்கடியில பூந்துக்கறான் பாரு," என்றாள் பெரியம்மா கந்தம்மாள், அவனுக்குக் கேட்கட்டும் என்றே.

"அவன் பூராட்டி, மேச்சேரி மாமனை நீங்க இடுப்புல தூக்கிட்டு வாரீங்களா பெரீம்மா?" என்றான் அண்ணன் நாச்சிமுத்து. கந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விடிந்ததும் எருமைக்குத் தவிடு கலக்கப் போன அம்மா செல்லாயி தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கலக்கிய தவிட்டைக் குடித்து முடித்த பிறகுதான் எருமை கத்தியது. அப்புறம்தான் யாரோ போய்ப் பார்த்தார்கள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சீலையை உடன்பிறந்தவன் தன் கையால் போர்த்தாமல் பிணத்தை எடுப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. செல்லாயிக்கு உடன்பிறந்த ஆண் மேச்சேரியில் இருக்கும் மருதாசலம் ஒருவர்தான். தொடை எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடப்பவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. பெரிய முகூர்த்த நாள், சங்ககிரியில் ஒரு டாக்ஸிகூட நிற்கவில்லை. வைகாசி வெயிலில் மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம், பொழுது சாய்வதற்குள் மருதாசலம் வராவிட்டால் கோடி இல்லாமலே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

இருந்தது நாச்சிமுத்துவின் மாருதி கார். அதுவும் நொண்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரத்துக்குப் போகிற தண்டின் முனையில் ஒரு மூட்டு உண்டு. அதைத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று மூடியிருக்கும். காட்டுத் தடத்தில் கிடந்த கட்டுக்கம்பி அந்த உறையைக் கிழித்துவிட்டது. கிழிசல் வழியாகக் கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போய், கார் திரும்பும்போதெல்லாம் கடக் கடக்கென்று சத்தம். அப்படியே மேச்சேரிக்கு ஓட்டினால் மூட்டு உடைந்து வழியில் நின்றுவிடும்.

அம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது. சேலத்தில் சாயங்கால மெக்கானிக் வகுப்பு முடிந்து வருகிற அப்புசாமியைச் சங்ககிரி பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணன் காரில் கூட்டி வருவான். கிணற்று மூலையில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்டுவிடும். அவர்கள் கால் கழுவி உள்ளே வருவதற்குள் தோசைக்கல் காய்ந்திருக்கும்.

"அதை மாத்தீட்டா நீங்க வாரது எனக்கு எப்படீடா தெரியும்?" என்று போன வாரம் சிரித்தாள். உடனே, "இல்ல, மாத்தீரு சாமி. ஞாயித்துக்கெழம மேச்சேரி போயி எங்கண்ணனப் பாத்துட்டு வரோணும்," என்றாள்.

புது உறை கோயமுத்தூரிலிருந்து வந்து சேர வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஞாயிறு காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை.

அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். மொட்டை அடித்துத் தலைமுழுகிவிட்டால் பிறகு ஸ்பேனரைத் தொடக்கூடாது. சவரப் பெட்டியோடு வந்திருந்த சின்னான் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"நீங்க அதுக்கு மொட்டை போட்டு முடிச்சாத்தான் நான் உங்களுக்குப் போட முடியுமுங்க தம்பி."

"இந்தக் குழாயக் கொஞ்சம் அழுத்திப் புடிங்கண்ணா."

ஸ்பேனரில் செருகிய குழாயை இருவருமாக அழுத்தியதில் சக்கரத்தின் நடு நட்டு கிறீச்சென்று இளகியது. கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஒரு தகரத் தட்டில் வைத்தான் அப்புசாமி. வைத்த பிறகு வரிசை சரிதானா என்று மறுபடி பார்த்தான். அவன் வேலை செய்யும் லாரிப் பட்டறையில் இப்படி ஒரு மூட்டே கிடையாது. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது பார்த்ததுதான். அதுவும் கடைசி பெஞ்சிலிருந்து. படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போயிற்று என்பதில் இப்போது சந்தேகமாக இருந்தது.

தண்டை உருவி, மூட்டைச் சுத்தியலால் தட்டிப் பிரித்தான். கிழிந்த உறையை அறுத்து எறிந்தான். மண்ணெண்ணெயில் கழுவக் கழுவ மூட்டுக்குள்ளிருந்து சங்ககிரி மண் கரைந்து வந்தது. இரும்புக் குண்டுகளில் ஒன்றில் மட்டும் தழும்பு இருந்தது. விரலால் தடவிப் பார்த்தான். தாங்கும் என்று நினைத்தான். தாங்காமலும் போகலாம் என்று நினைத்தான்.

"ஆச்சாடா?" அண்ணன் கார்ச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"ஆவுது."

புதுக் கிரீஸை உள்ளங்கையில் எடுத்துக் குண்டுகளுக்கு நடுவே அழுத்தி நிரப்பிக்கொண்டிருந்தபோது உள்ளே கந்தம்மாள் குரலெடுத்தாள். சின்னவன் மாத்தித் தாரேன்னான், அண்ணன் மொகம் பாக்கப் போறேன்னயே தாயே, என்று இழுத்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் தலை நிமிராமல் மூட்டைத் தண்டில் வைத்து அடித்தான். உள்வளையம் டிக்கென்று விழுந்து பூட்டிக்கொண்டது. கையால் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. நன்றாக உட்கார்ந்துவிட்டது.

துடைக்கத் துணி தேடித் திரும்பியவன் அப்படியே நின்றான். புது ரப்பர் உறை செய்தித்தாளின் மேல் அப்படியே இருந்தது.

அதை முதலில் தண்டில் கோத்துக்கொண்டுதான் மூட்டை மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு அது ஏறாது. வேறு வழி இல்லை.

சின்னான் தாளைப் பார்த்தார், தண்டைப் பார்த்தார், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார். கத்தியை எடுத்துத் தோல்பட்டையில் மெதுவாகத் தீட்ட ஆரம்பித்தார்.

"ஆச்சாடா?" என்றான் அண்ணன் மறுபடியும்.

"இன்னுங் கொஞ்சம்."

"கொஞ்சம்னா? பொழுதப் பாத்தியா?"

"தம்பிக்கு அம்மா போன வெசனமில்லீங்களா? நீங்க போயி சந்தனம் கரைச்சாச்சான்னு பாருங்க," என்று சின்னான் நாச்சிமுத்துவை அந்தப் பக்கம் அனுப்பினார்.

புதிதாகப் பூட்டிய வளையம் லேசில் இளகவில்லை. கிரீஸில் கை வழுக்கியது. தண்டைச் சின்னான் முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ள, அப்புசாமி அடித்தான். ஏழெட்டு அடிக்கு அசையவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தான். மூட்டு துள்ளிப் போய் மண்ணில் விழுந்தது. எடுத்து மறுபடியும் மண்ணெண்ணெயில் கழுவினான். மறுபடியும் கிரீஸ் நிரப்பினான். உறையைத் தண்டில் கோத்த பிறகு, கோத்தாகிவிட்டதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான்.

வீட்டின் நிழல் பந்தலைத் தாண்டி நீண்டிருந்தபோது, அண்ணன் ஓட்டக் கார் கிளம்பியது. கிணற்று மூலையில் அது திரும்பியதைக் கவனித்தான்; அழுகைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னான் அவன் தலையை நனைத்தார். "குனிஞ்சுக்குங்க தம்பி," என்றார். தலைமுழுகி, ஈர வேட்டியோடு அம்மாவின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தான். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்களில் கருப்பு போகவில்லை. கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

பாடை கட்டி முடித்தார்கள். வெயில் எதிர்ச் சுவரில் ஏறி ஓட்டு விளிம்புக்குப் போய்விட்டது. பெரியவர்களில் ஒருவர் வந்து, "எடுத்துரலாமா?" என்றார். "செத்த பொறுங்க," என்றான். எடப்பாடி தாண்டி மேட்டில் அந்தத் தழும்பு விழுந்த குண்டு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தான். அதற்குப் பிறகு எதையும் நினைக்காமல் கிணற்று மூலையையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எருமை ஒருமுறை கத்தியது. ரோட்டில் லாரிகள் போயின. அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அவனைக் கேட்காமலே பாடையின் பக்கம் ஆட்களைக் கூப்பிட்டார்.

வாசலில் எல்லோரும் எழுந்து நிற்பது தெரிந்தது.

கார் பந்தலுக்கு முன்னால் ஏற்கெனவே நின்றிருந்தது. அது கிணற்று மூலையில் திரும்பியதும் வந்ததும் அவனுக்குக் கேட்கவே இல்லை.

அண்ணனும் இன்னொருவரும் மருதாசலத்தை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். மடியில் ஒரு புதுச் சீலை இருந்தது. கடைத்தாள் பிரிக்காமல் இருந்தது.

"இன்னிக்கி வாரேன்னு சொல்லியுட்டிருந்தா," என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "வந்தா குடுக்கலாம்னு போன சந்தையில எடுத்து வெச்சனுங்க."

தாளைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. அப்புசாமி எழுந்து போய்ப் பிரித்துக் கொடுத்தான். வெள்ளைத் துணியின் ஓரத்தில் அவன் விரல் பட்ட இடம் லேசாகக் கருத்தது. மாமா அந்த இடத்தை உள்பக்கமாக மடித்துக்கொண்டார்.

உள்ளே காலையிலிருந்து அடுப்பு மூட்டாத சமையலறையில் தோசைக்கல் சுவரில் சாய்ந்திருந்தது.