யானை இருக்கும் மேஜை

புதன்கிழமை காலை மீட்டிங்கில், “இந்த யானை நமக்கு வேண்டாமுங்க” என்றாள் எழிலரசி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யானை என்னுடையது. என் மகள் விஷாகா சிறுவயதில் வைத்து விளையாடிய மஞ்சள் பிளாஸ்டிக் பொம்மை. கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர், மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதுகிறோம். நிரல் எழுத நாங்கள் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருள் தானாகவே ஒரு ப்ராஜெக்ட் ஃபைலை எழுதிக்கொள்ளும். எந்தெந்தக் கோப்புகளை எப்படிச் சேர்த்து ஓடும் மென்பொருளாக்குவது, அதாவது பில்ட் செய்வது, என்கிற பட்டியல் அது, பதினோராயிரம் வரி. நாங்கள் எழுதிய நிரல்களோடு அதையும், எல்லோருடைய மாற்றங்களும் வந்து சேரும் கிட் என்ற பொதுச் சேமிப்பில் வைத்திருந்தோம். இரண்டு பேர் ஒரே நாளில் அதைத் தொட்டுவிட்டால் போச்சு, ஒன்றோடொன்று மோதி அன்றைய வேலை அம்பேல். அதனால் ஆறு வருடத்துக்கு முன் நான் ஒரு சட்டம் போட்டேன். யானை யார் மேஜையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அந்த ஃபைலைத் தொடலாம். என்னே என் மூளை என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“மெஷின் எழுதறதை மெஷினே மறுபடி எழுதிக்கும். அதைய எதுக்குங்க கிட்ல வெச்சுக் காப்பாத்தோணும்? நாம எழுதற சோர்ஸ் தனியா இருக்கட்டும். பில்ட் ஃபோல்டர் அதுக்கு வெளிய இருக்கட்டும், ப்ராஜெக்ட் ஃபைல் அங்கயே ஜெனரேட் ஆகட்டும். ரெண்டு நாள் குடுங்க.”

“வொர்க் ஆகுதுல்ல, எதுக்கு ரிஸ்க்?” என்றான் தீபக். நான் நினைத்ததும் அதுதான்.

எழிலரசி கரூர்க்காரி. விசா காரணமாக ஒன்பது வருடம் பிளசன்டனில் வீட்டோடு இருந்துவிட்டு, வொர்க் பெர்மிட் வந்தபிறகு கிடைத்த முதல் வேலை இது. மூன்று மாத கான்ட்ராக்ட். அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் மெயில் எழுதியாகவேண்டும். அது அவளுக்கும் தெரியும். அந்த நிலையில் இருப்பவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். இவள் மேனேஜர் போட்ட சட்டத்திலேயே கைவைக்கிறாள். சரி, பார்ப்போம் என்று விட்டேன். தப்பானால் மெயில் எழுதுவது சுலபம் என்றும் நினைத்தேன், மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலை மீட்டிங்கில் டெஸ்ட் எல்லாம் பச்சை, ஒன்றுகூடத் தோற்கவில்லை. தீபக்கே கைதட்டினான். எல்லோரும் கலைந்துபோன பிறகு அவள் லேப்டாப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணு காட்டோணுங்க.”

பழைய ஃபைலை அழிப்பதற்கு முன், புதிதாக ஒன்றை உருவாக்கி இரண்டையும் ஒப்பிட்டிருக்கிறாள். நாலாயிரம் வித்தியாசங்கள். யாருடைய லேப்டாப்பில் எது எந்த ஃபோல்டரில் இருந்தது என்கிற குப்பைதான் எல்லாம். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள்கூட அதில் கிடந்தன. இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே முடித்துக்கொண்டு அத்தனையையும் ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறாள். ஒரே ஒரு வரி மட்டும் குப்பை இல்லை. பம்பிலிருந்து பேட்டரி கழன்றால் அந்த நொடியே அலாரம் அடிக்கவைப்பது அந்த வரிதான். அது இல்லையென்றால் எட்டு விநாடி தாமதம். எங்கள் டெஸ்ட் எதிலும் அது சிக்காது.

மெஷின் எழுதிய வரி இல்லை அது. நான் எழுதியது. ஆறு வருடத்துக்கு முன், ரிலீஸ் அவசரத்தில், கையால் செருகியது. ஏன் எதற்கு என்று ஒரு குறிப்புகூட இல்லை. அடியோடு மறந்துபோயிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

“மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமே?”

“எதுக்குங்க? லைன் சரியான லைன்தான். இருந்த எடந்தான் தப்பு. நாம கையில எழுதற பில்ட் ஸ்கிரிப்டுக்கு மாத்திட்டேன். ஏன் வேணும்னு உங்களுக்குத்தான் தெரியும், மேல ஒரு கமென்ட் எழுதிக் குடுத்துருங்க.”

இருபது வருடத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்துவிட்டேன். தூக்கிப்போடுவதற்கு முன் இவ்வளவு பொறுமையாகப் பார்த்த ஒருவரை நான் பார்த்ததில்லை. கமென்ட் எழுதினேன். காரணத்தை எழுதி, கையால் செருகியது நான்தான் என்பதையும் எழுதி, கீழே வாஞ்சிநாதன் என்று பெயரும் போட்டேன்.

“இப்ப உங்க பில்ட் ஃபோல்டரை முழுசா டெலீட் பண்ணுங்க. நெஜ பம்புல பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி.”

அழித்தேன். அவள் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். நாலு நிமிடத்தில் ஃபோல்டர் மறுபடி நிறைந்தது. பிளக்கில் செருகியிருந்த பம்பில் புது மென்பொருளை ஏற்றி, பம்பை என் பக்கம் நகர்த்திவைத்தாள். நான் மூடியைத் திறந்து பேட்டரியை இழுத்தேன்.

கையை எடுப்பதற்குள் அலாரம் அலறியது. தடுப்புகளுக்கு மேல் தலைகள் முளைத்தன. “என்னாச்சு?” என்று தீபக் ஓடிவந்தான். நிறுத்தும் பொத்தான் எழிலரசியின் விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதை அழுத்தவில்லை. நன்றாக அடிக்கட்டும் என்பதுபோலக் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.