பள்ளிக்கூட வாளி

மாப்பிள்ளை சதீஸ்குமார் எங்களைத் துறைமுகக் கரையில் நிறுத்தி, ஒவ்வொரு தீவாகக் கைகாட்டிக்கொண்டிருந்தான். திருகோணமலையில் சுற்றுலா வருபவர்களைப் படகில் தீவுகளுக்குக் கூட்டிப்போவதுதான் அவன் தொழில். காடு மூடிய தீவுகள், தண்ணீருக்கு நடுவில் நின்ற இடத்திலேயே நின்றன. எங்கள் ரத்தோட்டைப் பக்கத்து மலைக்கு அந்தப் புத்தி இருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு முன் பெய்த மழையில் சரிந்து வந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை மூடிவிட்டது. அன்றிலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கிறோம்.

மகள் சர்மிளாவிடம் இதைச் சொல்லவில்லை. பிள்ளை உண்டாகியிருப்பவளிடம் எதற்கு என்று, போனில் கேட்டபோதெல்லாம் "நம்ம லயத்துக்கு ஒன்னும் ஆகலம்மா" என்று அளந்துவிட்டேன். இப்போது ஏழாம் மாதம். வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறோம். வீடு எங்கே இருக்கிறது? என் மனைவி ராசம்மா மூன்று நாளாக இதைத்தான் கேட்கிறாள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் வாயை அடைத்தேன்.

மத்தியானம் வளையல் போட்டார்கள். பக்கத்து வீட்டு ஜஸ்லா வந்தாள், எதிர்வீட்டுச் சிங்கள அக்கா வந்தாள். கோயில் மணி ஓய்ந்ததும் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. ரோட்டில் ஒரு மான் நின்று வாழைப்பழத் தோலைத் தின்றது. நல்ல ஊர்தான், எனக்குத்தான் எதுவும் மனசில் ஒட்டவில்லை. சர்மிளாவின் பை வாசலில் தயாராக இருந்தது. மலைக் குளிருக்கென்று வாங்கிய பச்சைப் போர்வை அதன் மேலேயே தெரிந்தது.

"ஜன்னல் பக்கமா கட்டில போட்டுட்டியாம்மா?" என்றாள் சர்மிளா. ராசம்மா குனிந்து இலைகளை எடுக்கத் தொடங்கினாள்.

நாங்கள் கொண்டுவந்த ஏழு வகைச் சோறும் தீர்ந்திருந்தது. ஜஸ்லா அந்தச் சோறு வந்த அலுமினிய வாளியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். அடியில் சிவப்புப் பெயிண்டில் பள்ளிக்கூடத்தின் பெயர். வெளிப்பக்கத்தில் இருந்ததைச் சுரண்டிய நான் அடியை மறந்துபோனேன். படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் அந்த வாளிச் சோற்றைத் தின்று வளர்ந்தவள் சர்மிளா. வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்துல எத்தன குடும்பம்ப்பா இருக்கீங்க?"

"பதினாலு," என்றாள் ராசம்மா.

"நான் இங்கயே பெத்துக்கிறேன். ஆஸ்பத்திரியும் கிட்டதானே."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பெற்ற மகளை அழைக்க வந்துவிட்டு, அவள் வரமாட்டேன் என்றதும் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். ராசம்மாவும் ஒரு பேச்சுக்குக்கூட "வாம்மா" என்று சொல்லவில்லை. மகளின் வளையல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும்போது வாளியை மூடி, சர்மிளாவே தாயின் கையில் கொடுத்தாள். "வெறும் வாளியா கொண்டுபோகக் கூடாதும்மா," என்றாள். கருவாடாக இருக்கும் என்று நினைத்தேன்.

பஸ் தம்புள்ளையைத் தாண்டியபோது மழை தூறியது. ராசம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே பச்சைப் போர்வை இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. மூடியைத் திரும்பப் போட்டு, வாளியை மடியில் வைத்து, மாத்தளை வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.